மேலே ஒரு பிடி

எங்கள் இருவருக்கும் இரண்டு டம்ளர்,
அவனுக்கென்று மேலே ஒரு பிடி.
ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது,
கைக்கு மட்டும் சேதி எட்டவில்லை.
அள்ளியதைத் திரும்பச் சாக்கில் போட மனம் வராது.
மிஞ்சுகிற சோற்றைக் கோழி தின்னும்.

டென்னிசன் பேச்சை நிறுத்திவிட்டார்.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டி
ரப்பர் விளைக்குள் இறங்கிவிடுவார்.
அடுக்களைச் சன்னலில் அந்த ஒற்றை வெளிச்சம்
மரத்துக்கு மரம் நகர்வது தெரியும்.
ஒரே மரத்தில் வெகுநேரம் நின்றால்
அழுகிறார் என்று அர்த்தம்.
நகரும்வரை நானும் உலை வைப்பதில்லை.

ஷெர்வின்,
என் தலைவலி மாத்திரைக்குத்தான் போனாய் நீ.
கருங்கல் போகிற வழியில் ஒரு வளைவு, மழை,
பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரி.
போலீஸ் தந்த கவரில் உன் பர்ஸ், பைக் சாவி,
பத்து மாத்திரை,
ஒரு சொட்டு நனையாமல்.
தலை வலிக்காத நாளே இப்போது கிடையாது.
ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

ஆறுதல் கூட்டத்தில் போதகர்
தேவ சித்தம் என்றார்.
நல்ல மனுஷர், குரல் இடறித்தான் சொன்னார்.
இருபது வருஷம் அண்டியாபீசில் தல்லியவள் நான்.
தோட்டெண்ணெய் பட்டால் தோல் எப்படிப் பொள்ளும்,
எத்தனை நாள் கறுத்துக் கிடக்கும் என்று தெரியும்.
அந்தச் சொல்லும் அப்படிக் கிடந்தது.

மறுநாள் பிடியரிசி டின்னைக் கவிழ்த்து வைத்தேன்.
கல்யாணம் கழிந்து இங்கே வந்த நாள் முதல்
உலையில் இடுமுன் அதில் ஒரு பிடி இட்டிருக்கிறேன்,
பேறுகாலத்துப் பத்து நாள் தவிர.

சனிக்கிழமை லில்லிபுஷ்பம் பையோடு வந்தாள்.
கவிழ்ந்த டின்னைப் பார்த்தாள்.
வசனம் ஒன்றும் சொல்லவில்லை.
மழை தூறியது; கொடியில் கிடந்த துணியை எடுத்து
மடக்கி வைத்துவிட்டுப் போனாள்.
அடுத்த சனியும் வந்தாள்.
ஒரு வாரம் மரச்சீனி, ஒரு வாரம் நெத்திலிக் கருவாடு.
ஒரு வாரம் எதுவுமில்லை,
பக்கத்தில் உட்கார்ந்து என் தலையில் பேன் பார்த்தாள்.
பை காலியாகவே போகும். அவள் கேட்டதே இல்லை.

ராத்திரியில் எனக்கும் அவருக்கும் சண்டை.
ஆண்டவரே, நாலு நாள் பிந்திப் போனவரே,
சிநேகிதனின் குழியருகே நின்றவரே,
அந்தச் சகோதரிமாருக்கு எழுப்பிக் கொடுத்தீரே,
பள்ளியாடிக்கு உமக்கு வழி தெரியாதோ?

பதில் வரவில்லை.
நாகர்கோவில் வண்டி தடதடத்துக் கடந்தது.
அதன் பின்னான அமைதியில்
சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதையில்
நான் கவனிக்காத ஒன்று வந்து நின்றது:
எழுப்புமுன் அவர் அழுதார்.
இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறவருக்கு
எதற்கு அழுகை?
எல்லாம் தெரிந்தும் கண்ணைத் துடைக்க மறந்து
அந்தப் பெண்களின் நடுவே ஏன் நின்றார்?
அதைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தேன்.
விழித்தபோது கோழி கூவியிருந்தது.

இன்று சனிக்கிழமை.
இரண்டு டம்ளர். கை பழக்கம் மறக்காமல்
மேலே ஒரு பிடி அள்ளிவிட்டது.
அப்படியே கொஞ்சநேரம் நின்றேன்,
உள்ளங்கையில் அவன் பசியோடு.
பிறகு டின்னை நிமிர்த்தி,
துருவைத் தட்டி, வண்டை ஊதி, உள்ளே விட்டேன்.
காலி டின்னில் அரிசி விழுகிற சத்தம்
இத்தனை பெரிதென்று நினைத்திருக்கவில்லை.

எந்த வீட்டு உலைக்குப் போகுமோ.
எந்தப் பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்கிறதோ.
போடட்டும் அவன் அம்மா.

விளையில் வெளிச்சம்
ஒரு மரத்தை விட்டு அடுத்ததற்குப் போனது.
அடுப்பை மூட்டினேன்.

மாத்திரை அலமாரியில்தான் இருக்கிறது.
அதைப் பற்றி அவரிடம் இன்னும் பேசவில்லை.